கத்தி பிடித்தவர்களே கணக்கும் எழுதுகிறார்கள்
முகம், தாடை ஆபரேஷன்களுக்கு பிரிட்டன் முழுவதும் ஒரே பேரேடு

ஆபரேஷன் முடிந்தது. தையலும் பிரித்தாகிவிட்டது. டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நோயாளி வீட்டுக்குப் போய்விட்டார்.

அதன்பிறகு அவருக்கு என்ன ஆயிற்று?

சோறு மென்று தின்ன முடிகிறதா? பேசுவது மற்றவர்களுக்குப் புரிகிறதா? புண் ஆறியதா, சீழ் பிடித்ததா? வேறு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தாரா? இரண்டு வருஷம் கழித்து அவர் உயிரோடு இருக்கிறாரா?

ஆபரேஷன் செய்த டாக்டரைக் கேட்டால், "நன்றாகத்தான் இருப்பார்" என்பார். அது நம்பிக்கை. கணக்கு அல்ல. சுகமானவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. மனக்கசப்பு அடைந்தவர்களும் திரும்பி வருவதில்லை. இடையில் உள்ள சிலரைப் பார்த்துவிட்டு, தன் கை நல்ல கைதான் என்று எந்த டாக்டரும் நினைத்துக்கொள்ள முடியும்.

பிரிட்டனில் முகம், வாய், தாடை ஆபரேஷன் செய்யும் சர்ஜன்கள் இந்த நினைப்பை விட்டுவிட்டுக் கணக்கு எழுதத் துணிந்தார்கள். அவர்களுடைய சங்கமான பிரிட்டிஷ் வாய் - முகத்தாடை சர்ஜன்கள் சங்கமே முன்னின்று, நாடு தழுவிய ஒரு திட்டத்தைத் தொடங்கியது. "வாய் - முகத்தாடை அறுவை சிகிச்சையின் தரமும் பலனும்" என்பது அதன் பெயர். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து க்யூ.ஓ.எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

தவறு செய்தவர்களைப் பிடிக்க அரசாங்கம் போட்ட கமிஷன் அல்ல இது. சர்ஜன்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட தணிக்கை. அதனால்தான் இந்தக் கதைக்கு முக்கியத்துவம் வருகிறது.

இரண்டு பட்டம் வேண்டும்

இவர்கள் யார், என்ன செய்கிறார்கள் என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

சாரத்திலிருந்து விழுந்து தாடை உடைந்தவர், மோட்டார் சைக்கிள் விபத்தில் கன்ன எலும்பு நொறுங்கியவர், அடிதடியில் முகம் கிழிந்தவர், வாயில் புற்றுநோய் வந்தவர், கீழ்த்தாடை முன்னே நீண்டு பல்லோடு பல் சேராதவர், கடைவாய்ப் பல் எலும்புக்குள் புதைந்து வலியால் துடிப்பவர் - இவர்கள் எல்லாம் போய்ச் சேரும் இடம் இந்தத் துறைதான்.

பிரிட்டனில் இந்தத் துறையில் சர்ஜன் ஆக வேண்டுமானால் பல் டாக்டர் பட்டமும் வேண்டும், மருத்துவப் பட்டமும் வேண்டும். இரண்டு கல்லூரிப் படிப்பு முடித்து, அதற்குமேல் பல ஆண்டு பயிற்சியும் பெற்று வெளியே வருவதற்குள் தலை நரைக்கத் தொடங்கிவிடும்! நம் நாட்டில் பி.டி.எஸ். முடித்து, அதன்மேல் 3 ஆண்டு எம்.டி.எஸ். படித்தவர்கள் இந்த வேலையைச் செய்கிறார்கள்.

பல் டாக்டரும் சர்ஜனும் இப்படி ஒன்றாகச் சேர்ந்தது முதலாவது உலகப்போரில். பதுங்கு குழியிலிருந்து தலையை நீட்டிய சிப்பாய்களுக்குக் குண்டு பட்ட இடம் முகம். மூக்கு இல்லாமல், தாடை இல்லாமல் ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். லண்டனுக்கு அருகே சிட்கப் என்ற ஊரில் 1917-ம் ஆண்டு இவர்களுக்காகவே ஓர் ஆஸ்பத்திரி திறந்தார்கள். நியூசிலாந்தில் பிறந்த ஹரால்டு கில்லீஸ் என்ற சர்ஜன் அங்கே தோலையும் சதையையும் கவனித்தார். கெல்சி பிரை என்ற பல் டாக்டர் எலும்பையும் பல்லையும் கவனித்தார். 5 ஆயிரத்துக்கு மேற்பட்ட சிப்பாய்களுக்கு அங்கே 11 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆபரேஷன்கள் நடந்தன.

அந்த ஊர்ச் சாலையில் சில பெஞ்சுகளுக்கு நீல வர்ணம் அடித்து வைத்திருந்தார்களாம். அதில் முகம் சிதைந்த சிப்பாய் உட்கார்ந்திருக்கக்கூடும், திடீரென்று பார்த்துப் பயப்படாதீர்கள் என்று ஊர்க்காரர்களுக்கு அது அடையாளம். கை போனவனைப் பார்த்து ஊர் பரிதாபப்படும். முகம் போனவனைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இந்தத் துறையில் ஆபரேஷன் பலித்ததா இல்லையா என்ற கேள்வி மற்றத் துறைகளைவிடக் கனமானது, அதனால்தான்.

கில்லீஸ் வைத்த நோயாளிக் குறிப்புகள், படங்கள், புகைப்படங்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. ஆனால் அவை ஒவ்வொரு மனிதரின் தனிக் கதை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கும் கணக்கு வேறு.

ஊரைப் பகைத்துக்கொண்ட டாக்டர்

அந்தக் கணக்கை எழுத வேண்டும் என்று முதலில் பிடிவாதம் பிடித்தவர் ஓர் அமெரிக்கர். பாஸ்டன் நகரத்து சர்ஜன் எர்னஸ்ட் காட்மன்.

அவர் கேட்டது மிகவும் சாதாரணமான விஷயம். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சீட்டு போடு. என்ன நோவு என்று வந்தார், என்ன நோய் என்று முடிவு செய்தோம், என்ன செய்தோம் என்று எழுது. ஒரு வருஷம் கழித்து அவரைக் கூப்பிட்டுப் பார். குணமாகவில்லை என்றால் ஏன் என்று அதே சீட்டில் எழுது.

மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் அப்போது பதவி உயர்வு சீனியாரிட்டி பார்த்துத்தான். (ஆபீசில் வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) சீனியாரிட்டி பார்க்காதே, பலனைப் பார் என்றார் காட்மன். கேட்பார் இல்லை. 1914-ம் ஆண்டு ராஜினாமா செய்தார். செய்த கையோடு, "என் நோயாளிகளுக்குக் கிடைத்த பலன் மற்றவர்களுடையதைவிட நன்றாக இருக்கிறது, ஆகவே என்னைத் தலைமை சர்ஜனாகப் போடுங்கள்" என்று மனுவும் போட்டார்! ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

1911-ம் ஆண்டிலேயே அவர் சொந்தமாக ஒரு சிறிய ஆஸ்பத்திரி தொடங்கியிருந்தார். 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பியவர்கள் 337 பேர். அவர்களுக்குச் செய்த சிகிச்சையில் நேர்ந்த தவறுகள் 123 என்று தானே எண்ணி, அச்சடித்து வெளியிட்டார். வேறு எந்த ஆஸ்பத்திரியும் அப்படி வெளியிடவில்லை. மற்ற இடங்களில் தவறே நடக்கவில்லை என்றா அர்த்தம்?

1915-ம் ஆண்டு ஒரு பொதுக்கூட்டத்தில் அவர் ஒரு கேலிப்படத்தைத் திறந்து காட்டினார். பணக்கார நோயாளிகளைக் குறிக்கும் நெருப்புக்கோழி டாக்டர்களுக்குப் பொன்முட்டை இட்டுக்கொண்டிருக்கிறது. அதன் தலை மணலுக்குள் புதைந்திருக்கிறது. கூட்டத்தில் ஒரே ரகளை. காட்மன் மருத்துவச் சங்கப் பொறுப்பை இழந்தார். ஹார்வர்டு பதவியும் போயிற்று. 1940-ல் அவர் இறந்தபோது கல்லறைக்கு ஒரு கல் கூட வைக்கவில்லை. 2014-ம் ஆண்டு சர்ஜன்கள் சேர்ந்து அந்தக் கல்லை வைத்தார்கள்.

57 ஆஸ்பத்திரிகள்

இந்தக் கணக்கினால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு பிரிட்டனின் முகச் சிகிச்சை வரலாற்றிலேயே நல்ல பதில் இருக்கிறது.

சில குழந்தைகள் பிறக்கும்போதே மேல் உதடு பிளந்து பிறக்கின்றன. சிலவற்றுக்கு வாயின் மேற்புறமான அண்ணமும் பிளந்திருக்கும். பால் உறிஞ்ச முடியாது. பேச்சு மூக்கால் வரும். தைத்துச் சரி செய்யலாம். ஆனால் தைத்த அன்று அழகாக இருப்பது போதாது. குழந்தை வளர வளர மேல்தாடையும் சரியாக வளர வேண்டும், பல் வரிசை சேர வேண்டும், பேச்சு தெளிய வேண்டும். ஆபரேஷன் பலித்ததா என்பது 5 வயதில் கொஞ்சம் தெரியும், 12 வயதில் இன்னும் தெரியும். முழுவதும் தெரிவதற்குள் தைத்த டாக்டர் ரிட்டயர் ஆகிவிடுவார்.

ஐரோப்பாவில் 6 மையங்களின் குழந்தைகளை ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு, பிரிட்டனுக்குப் பெருமை தரும்படி இல்லை. மேற்கொண்டு பார்க்க ஒரு குழு அமைத்தார்கள். நாடு முழுவதும் 5 வயது, 12 வயதுப் பிள்ளைகள் 450 பேருக்கு மேல் பரிசோதிக்கப்பட்டார்கள். 1998-ம் ஆண்டு அறிக்கை வெளியாயிற்று.

பிளவு உதட்டுக் குழந்தைகளுக்கு நாட்டில் 57 ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை நடந்துவந்தது தெரிந்தது. பல இடங்களில் ஒரு சர்ஜன் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய குழந்தைகளுக்கே இந்த ஆபரேஷனைச் செய்துவந்தார். ஒவ்வொருவரும் நல்ல டாக்டர்தான். ஆனால் கை பழகுவதற்குப் போதிய வேலை இல்லை. பழகினோமா என்று பார்ப்பதற்குப் போதிய கணக்கும் இல்லை.

57-ஐ 8 முதல் 15 மையங்களாகக் குறையுங்கள் என்றது குழு.

எதிர்ப்பு இல்லாமல் இருக்குமா? "என் ஆஸ்பத்திரியை மூடுவதா?" என்று டாக்டர்கள் முணுமுணுத்தார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் இன்னும் தூரம் போக வேண்டும் என்பதும் பொய் இல்லை. ஆனாலும் சில ஆண்டுகளில் மாற்றம் நடந்தது.

சுமார் 15 ஆண்டுகள் கழித்து மறுபடியும் 5 வயதுப் பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். மேல் - கீழ்ப் பல்வரிசை நன்றாகப் பொருந்திய பிள்ளைகள் முன்பு 100-க்கு 29 பேர். இப்போது 53 பேர். மோசமாக இருந்தவர்கள் 36-லிருந்து 19 ஆகக் குறைந்தார்கள். புதிய மருந்து எதுவும் வரவில்லை. புதிய மெஷினும் இல்லை. ஆபரேஷனையும் அதைச் சுற்றியுள்ள பேச்சுப் பயிற்சி, பல் சீரமைப்பு எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்ததன் பலன் அது. கணக்கு எழுதாமல் இருந்திருந்தால் 57 ஆஸ்பத்திரிகளும் இன்றைக்கும் "நன்றாகத்தான் செய்கிறோம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

இரண்டு தபால்காரர்கள்

ஆனால் கணக்கு என்றாலே சர்ஜன்களுக்குப் பயம் உண்டு. அந்தப் பயத்தை வெறும் கோழைத்தனம் என்று தள்ளிவிட முடியாது.

பிரிஸ்டல் நகர ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் இருதய ஆபரேஷனில் சாவு அதிகமாக இருந்தது வெளியே வந்து, பிரிட்டன் முழுவதும் கொந்தளித்தது. 2001-ம் ஆண்டு வெளியான விசாரணை அறிக்கை, 1991-க்கும் 1995-க்கும் இடையில் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 30 முதல் 35 பேர் மற்ற ஆஸ்பத்திரிகளில் எதிர்பார்க்கக்கூடியதைவிட அதிகமாக இறந்ததாகச் சொன்னது. அதன்பிறகு சர்ஜன்களின் கணக்கு பொதுமக்கள் கண்ணில் பட்டே ஆக வேண்டும் என்ற குரல் வலுத்தது. 2013-ம் ஆண்டு இங்கிலாந்தில் சில துறைகளின் சர்ஜன்களுடைய பலன்கள் பெயரோடு வெளியிடப்பட்டன.

பெயரைப் போட்டு எண்ணைப் போட்டால் உண்மை வந்துவிடுமா?

இரண்டு தபால்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு தாதரில் லிப்ட் வைத்த கட்டிடங்கள். இன்னொருவருக்கு தாராவியில், கதவு எண் இல்லாத சந்துகள். யார் அதிகத் தபால்களைச் சேர்த்தார் என்று மட்டும் பார்த்தால் தாதர்க்காரருக்குப் பரிசு கிடைக்கும். தாராவிக்காரருக்கு மெமோ கிடைக்கும். இது நியாயமா?

ஆஸ்பத்திரியும் அப்படித்தான். ஒரு சர்ஜனிடம் 40 வயது ஆள், சிறிய கட்டியோடு வருகிறார். இன்னொருவரிடம் 75 வயது ஆள், சர்க்கரை வியாதி, நெஞ்சு வியாதி, நாற்பது வருஷப் புகைப் பழக்கம், கன்னத்தைத் துளைத்து வெளியே வந்த கட்டி எல்லாவற்றோடும் வருகிறார். இரண்டாமவருக்குச் சிக்கல் வந்தால் டாக்டர் மோசம் என்று எழுதுவதா? அப்படி எழுதத் தொடங்கினால் அடுத்த தடவை அந்த டாக்டர், "உங்களுக்கு ஆபரேஷன் தாங்காது" என்று சொல்லி அனுப்பிவிடுவார். கணக்கு அழகாகும். நோயாளி சாவார்.

எனவே வயது, மற்ற வியாதிகள், நோய் எந்த அளவு முற்றியிருந்தது என்பவற்றையும் சேர்த்து எழுதி, இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு எவ்வளவு சிக்கல் எதிர்பார்க்கலாம் என்று முதலில் கணிக்கிறார்கள். நடந்ததை அதோடு ஒப்பிடுகிறார்கள்.

இன்னொரு தொல்லை, எண்ணிக்கை சிறியதாக இருப்பது. காசைச் சுண்டினால் நான்கு தடவை தொடர்ந்து பூ விழலாம். அதற்காகக் காசு கள்ளக்காசு ஆகிவிடாது. வருஷத்தில் 10 பெரிய ஆபரேஷன் செய்பவருக்கு 2 தோற்றால் அது கைக்கோளாறா, கெட்ட நேரமா என்று யாராலும் சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கில் சேர்ந்தால்தான் தெரியும். ஒரே ஆஸ்பத்திரியில் அவ்வளவு சேராது. நாடு முழுவதும் ஒரே மாதிரி எழுதிச் சேர்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

ஐந்து பேரேடுகள்

க்யூ.ஓ.எம்.எஸ். திட்டத்தில் 5 கணக்குகள் வைத்திருக்கிறார்கள். வாய்ப்புற்று ஆபரேஷனும் அதன்பின் முகத்தைச் சீரமைப்பதும் ஒன்று. அடிபட்ட முகம், உடைந்த தாடை இரண்டாவது. தாடையை வெட்டி நகர்த்திப் பல்லைச் சேர்க்கும் ஆபரேஷன் மூன்றாவது. முகத்துத் தோலில் வரும் புற்று நான்காவது. வெயில் படும் வெளுத்த தோலுக்கு வரும் இந்த வியாதி அங்கே அதிகம். கடைவாய்ப் பல் போன்ற வாய்க்குள் செய்யும் சிறிய ஆபரேஷன்கள் ஐந்தாவது.

எதைக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம். "ஆபரேஷன் வெற்றியா?" என்று கேட்டால் எல்லாரும் "ஆம்" என்றே எழுதுவார்கள். எண்ணக்கூடியதைக் கேட்க வேண்டும். வாய்ப்புற்றில் அவர்கள் கேட்கும் கேள்விகளைப் பார்த்தாலே இது விளங்கும்.

நாக்கிலோ கன்னத்திலோ உள்ள கட்டியை வெட்டி எடுக்கும்போது சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையையும் சேர்த்து எடுப்பார்கள். எடுத்ததை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் டாக்டர், கட்டிக்கும் வெட்டிய ஓரத்துக்கும் இடையில் எத்தனை மில்லி மீட்டர் நல்ல சதை இருக்கிறது என்று அளப்பார். 5 மில்லி மீட்டர் இருந்தால் ஓரம் சுத்தம். ஒன்றுக்கும் கீழே போனால் நோய் உள்ளேயே தங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும்.

அடுத்தது கழுத்து. வாய்ப்புற்று முதலில் பரவும் இடம் கழுத்திலுள்ள நிணநீர் முடிச்சுகள். நெறி கட்டியிருக்கிறது என்று நாம் சொல்வோமே, அவைதான். கழுத்தைத் திறந்து அவற்றை எடுக்கிறார்கள். எத்தனை முடிச்சு எடுக்கப்பட்டது என்று எண்ணுகிறார்கள். 18-க்குக் குறையக்கூடாது என்பது பல நாட்டு டாக்டர்கள் ஏற்றுக்கொண்ட அளவு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. எண்ணிக்கை குறைந்தால் சர்ஜன் சரியாக எடுக்கவில்லை என்றும் இருக்கலாம். பரிசோதனைச்சாலையில் உள்ளவர் சரியாகத் தேடி எண்ணவில்லை என்றும் இருக்கலாம். இருவரும் உட்கார்ந்து பேசினால்தான் தெரியும்.

வெட்டிய பள்ளத்தை நிரப்ப முன்கையிலிருந்து தோலும் சதையும், தாடைக்காகக் காலின் வெளிப்புறத்து மெல்லிய எலும்பும் எடுத்து வைக்கிறார்கள். இரண்டு மூன்று மில்லி மீட்டர் அகலமே உள்ள ரத்தக் குழாய்களைத் தலைமயிரைவிட மெல்லிய நூலால் கழுத்துக் குழாய்களோடு தைப்பார்கள். ரத்தம் ஓடினால் ஒட்டுச் சதை பிழைக்கும். உறைந்துவிட்டால் கறுத்துவிடும். அதைச் சில மணி நேரத்துக்குள் கண்டுபிடித்து மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோனால் காப்பாற்றலாம். ஆக, நடுராத்திரி 2 மணிக்கு டார்ச் அடித்துப் பார்க்கும் நர்சின் கண் கூர்மையும் இந்தக் கணக்கில் வந்துவிடுகிறது!

கடைசிக் கேள்வி 6 வாரம். ஆபரேஷனுக்குப் பின் சிலருக்கு "கரண்ட் வைப்பது" என்று நம்மவர்கள் சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சை தேவைப்படும். அதை 6 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். தாமதமானால் நோய் முந்திக்கொள்ளும். இது சர்ஜனின் கத்தியைப் பற்றிய கேள்வியே அல்ல. ரிப்போர்ட் எப்போது வந்தது, பல் டாக்டர் எப்போது பார்த்தார், மெஷினில் இடம் எப்போது கிடைத்தது என்று ஆஸ்பத்திரி முழுவதையும் அளக்கும் கேள்வி. எங்கே தேங்குகிறது என்று எண்ணைக் காட்டிக் கேட்டால், ஆள் இல்லை, மெஷின் இல்லை என்று மேலதிகாரிகள் ஒரேயடியாகத் தட்டிக்கழிக்க முடியாது.

எழுதுவது யார்?

இவ்வளவையும் யார் எழுதுவது? பகல் முழுவதும் 8 மணி, 10 மணி நேரம் ஆபரேஷன் செய்துவிட்டு, ராத்திரி உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டியவர்கள் பல இடங்களில் டாக்டர்களே. குமாஸ்தா கொடுத்தால் எழுதலாம் என்று அவர்கள் கேட்பதில் தப்பே இல்லை. பெரிய பெரிய கட்டிடம் கட்டுகிறவர்கள், ஒரு ரெக்கார்டு கிளார்க் சம்பளத்துக்கு யோசிப்பது எல்லா நாட்டிலும் நடக்கிறது.

நோயாளியின் பெயர், பிறந்த தேதி போன்றவற்றை ஆஸ்பத்திரிக்கு வெளியே கொண்டுபோக பிரிட்டிஷ் சட்டத்தில் கட்டுப்பாடு இருக்கிறது. நோயாளியின் சம்மதம் வேண்டும், அல்லது தனி அனுமதி வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் பெயர் இல்லாவிட்டால், இந்த ஊரில் ஆபரேஷன் செய்துகொண்டவர் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் சீழோடு போய்ப் படுத்தது தெரியாமல் போகும்.

பாதி எழுதி பாதி எழுதாமல் விட்டாலும் ஆபத்து. நன்றாக முடிந்த கேஸ்கள் ஒழுங்காகப் பதிவாகும், கெட்டவை எப்படியோ விட்டுப்போகும். கணக்கு எழுதிப் பழகியவர்களுக்கு இந்த "மறதி" புதிதல்ல.

மும்பையில் போட்ட கணக்கு

இதையெல்லாம் வெள்ளைக்காரர்கள் காரியம் என்று தள்ளிவிட வேண்டாம். வாய்ப்புற்றில் உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட ஒரு முக்கியமான விடை, பரேலில் உள்ள டாடா நினைவு ஆஸ்பத்திரியிலிருந்துதான் போயிற்று.

கேள்வி இதுதான். வாய்ப்புற்று ஆரம்ப நிலையில் இருக்கிறது. கழுத்தில் நெறி எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை. வாய்க்கட்டியை எடுக்கும்போதே கழுத்து முடிச்சுகளையும் எடுத்துவிடுவதா? அல்லது காத்திருந்து, நெறி கட்டினால் அப்போது எடுப்பதா? அரை நூற்றாண்டாக டாக்டர்கள் இரண்டு கட்சியாக இருந்தார்கள். இரண்டு கட்சியிலும் அனுபவசாலிகள் இருந்தார்கள்.

சர்ஜன் அனில் டி குரூஸ் தலைமையில் டாடா ஆஸ்பத்திரியில் 2004 முதல் 2014 வரை 596 நோயாளிகளைச் சேர்த்தார்கள். யாருக்கு எந்த முறை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். பிறகு வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். முதல் 500 பேரின் கணக்கைப் பார்த்தபோதே விடை தெரிந்துவிட்டது. கழுத்தையும் சேர்த்து எடுத்தவர்களில் 3 ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் 100-க்கு 80 பேர். காத்திருந்தவர்களில் 67½ பேர். எட்டுப் பேருக்கு முன்கூட்டியே எடுத்தால் ஓர் உயிர் மிச்சம். 2015-ம் ஆண்டு இது வெளியானது. பிரிட்டனில் இயன் ஹட்சிசன் தலைமையில் முகத்தாடை சர்ஜன்கள் பல ஆஸ்பத்திரிகளில் 250 நோயாளிகளைக் கொண்டு இதே கேள்விக்கு நடத்திய ஆராய்ச்சி 2019-ல் வெளிவந்தது. அதுவும் மும்பையின் விடையையே சொன்னது.

இது ஆராய்ச்சி. பிரிட்டன் சர்ஜன்களின் பேரேடு அன்றாட வேலையின் தணிக்கை. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இரண்டுக்கும் உயிர் ஒரே இடத்தில் இருக்கிறது: வீட்டுக்குப் போன நோயாளியை விடாமல் தேடிப் பிடித்து எழுதுவதில்.

டாடா ஆஸ்பத்திரியை மையமாகக் கொண்டு 2012-ம் ஆண்டு தேசியப் புற்றுநோய் ஆஸ்பத்திரிகள் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. நாடு முழுவதும் 300-க்கு மேற்பட்ட ஆஸ்பத்திரிகள் இதில் சேர்ந்துள்ளன. சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியும் இதில் உண்டு. எந்த ஊரில் போனாலும் ஒரே தரத்தில் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்பது இதன் நோக்கம்.

அவசியம் இல்லாமல் இல்லை. இந்தியாவில் ஆண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய், உதடு - வாயில் வருவதுதான். குட்கா, மாவா, கைனி, பாக்கு, பீடி எல்லாம் காரணம். ராத்திரி ஷிப்டில் தூக்கம் வராமல் இருக்கக் கன்னத்தில் அடக்கிக்கொள்வது எத்தனை பேர்!

ஊருக்குப் போனவர்

நம் ஊரை விட்டு வந்து வேலை செய்பவர்கள் இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிப் பேரேட்டில் அதிகம் காணாமல் போகிறவர்கள் நிரந்தர விலாசம் இல்லாதவர்கள். ரூம் மாறுகிறது. கம்பெனி மாறுகிறது. செல்போன் நம்பரும் மாறுகிறது. ஆபரேஷன் முடிந்து சொந்த ஊருக்குப் போனவர், திரும்பி வேறு நகரத்துக்கு வேலைக்குப் போய்விடுகிறார். ஆஸ்பத்திரி போடும் கடிதம் பழைய ரூமுக்குப் போகிறது. பேரேட்டில் "தகவல் இல்லை" என்று ஏறுகிறது. வாய்ப்புற்று திரும்ப வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் வரும். அந்த இரண்டு ஆண்டுகளில்தான் ஆளும் காணாமல் போகிறார்.

விலாசமோ போன் நம்பரோ மாறினால் ஆஸ்பத்திரி கவுன்டரில் கேஸ் நம்பரைச் சொல்லி மாற்றி எழுதச் சொல்லலாம். சொந்த ஊரில் இருக்கும் ஒருவருடைய நம்பரையும் சேர்த்துக் கொடுத்து வைக்கலாம். வலி இல்லை என்பதற்காக டாக்டர் சொன்ன தேதியை விட்டுவிடக் கூடாது. ஊரோடு போய்விடுவதாக இருந்தால் அங்கே எந்த ஆஸ்பத்திரியில் காட்டுவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

ஆபரேஷன் செய்யாதவர்களும் கண்ணாடியைப் பார்க்கலாம். வாயில் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் வலி இல்லாத கட்டி, நடுவிரலோடு சேர்த்து மூன்று விரலை நிமிர்த்தி நுழைக்க முடியாதபடி வாய் இறுகிப்போவது - இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஏற்கனவே ஆபரேஷன் ஆனவர்கள் வீட்டில் இருக்கும் பைலைப் பிரித்துப் பார்க்கலாம். வெட்டி எடுத்த சதையைப் பரிசோதித்த ரிப்போர்ட் என்று ஒன்று அதில் இருக்கும். ஓரம் எத்தனை மில்லி மீட்டர், கழுத்தில் எத்தனை முடிச்சு எடுத்தார்கள், அதில் எத்தனையில் நோய் இருந்தது என்று அதில் அச்சடித்திருக்கும். பிரிட்டன் சர்ஜன்கள் பேரேட்டில் ஏற்றுவதும் அந்த எண்களைத்தான். பில்லோடு சேர்த்து அதைத் தூக்கி எறிந்துவிடாமல், செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, அசலை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். அடுத்த ஊர் டாக்டர் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.